12 கருமுட்டை எடுத்தும் கையில் ஒரே ஒரு கரு... ஐவிஎஃப் சிகிச்சையில் எண்ணிக்கை பெரிதா, தரம் பெரிதா?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை என எந்த ஊரில் இருந்தாலும், ஐவிஎஃப் சிகிச்சை என்றால் பெரும்பாலும் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ மலை இறங்கித்தான் ஆக வேண்டும். கொடைக்கானல் டவுனில் இருந்து மதுரைக்கு மட்டும் சுமார் 120 கிலோமீட்டர். அதில் வத்தலக்குண்டு வரும் வரை பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவுகள்.

10 முதல் 12 நாள் தினமும் ஊசி. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஸ்கேன். அதன் பிறகு ஒரு காலையில் மயக்க மருந்து கொடுத்து கருமுட்டைகளை எடுக்கிறார்கள். கண் விழித்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை முட்டை வந்துச்சு?"

"12" என்று பதில் வந்தால் குடும்பமே நிம்மதி அடைகிறது. "4" என்றால் முகம் வாடிவிடுகிறது. ஆனால் ஐந்து நாள் கழித்து லேப்பில் இருந்து போன் வரும்போது, அந்த 12 சுருங்கி 2 ஆகவோ 1 ஆகவோ மாறியிருக்கும். "மத்த முட்டை எல்லாம் எங்க போச்சு? நம்மள ஏமாத்திட்டாங்களா?" என்ற சந்தேகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது ஏமாற்று வேலையா, இல்லை இயற்கையின் கணக்கா? முட்டை எண்ணிக்கைக்கும் கருவின் தரத்துக்கும் என்ன தொடர்பு? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு பெண்ணிடம் மொத்தம் எத்தனை முட்டைகள்?

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 லட்சம் முதல் 20 லட்சம் முட்டைகள் வரை இருக்கும். அதன் பிறகு புதிதாக உருவாவது இல்லை. பூப்பெய்தும் வயதில் அது சுமார் 3 முதல் 4 லட்சமாகக் குறைந்துவிடும். 37 வயதை ஒட்டி சுமார் 25 ஆயிரம். மாதவிடாய் நிற்கும்போது ஆயிரத்துக்கு அருகில்.

வாழ்நாள் முழுக்க மாதம் ஒன்று என முதிர்ந்து வெளியே வருவது ஏறக்குறைய 400 முட்டைகள்தான். மீதி எல்லாம் உடலிலேயே தானாகக் கரைந்துவிடும். ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று ஜெயிக்கும், மற்றவை அழியும்.

ஐவிஎஃப்-ல் போடும் ஹார்மோன் ஊசி, அந்த மாதம் அழியப் போகிற முட்டைகளையும் சேர்த்து வளர வைக்கிறது. "ஊசி போட்டு முட்டையை எடுத்தா அடுத்த வருஷத்துக்கு இருக்காதே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த பயம் தேவையில்லை. எடுக்கப்படுவது எப்படியும் அந்த மாதம் வீணாகப் போயிருக்க வேண்டிய முட்டைகள்தான்.

12 எப்படி 1 ஆகிறது?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது சராசரிக் கணக்குதான். ஆளுக்கு ஆள், லேப்புக்கு லேப் மாறும்.

* எடுத்தது 12 முட்டை. இதில் முழுதாக முதிர்ந்தவை சுமார் 80 சதவீதம். ஆக 9 அல்லது 10.

* முதிர்ந்த முட்டையில்தான் விந்தணு சேர முடியும். சேர்த்த பிறகு கருவுறுவது சுமார் 70 சதவீதம். ஆக 6 அல்லது 7.

* கருவுற்றவை லேப்பில் ஐந்து அல்லது ஆறு நாள் வளர்க்கப்படும். 'பிளாஸ்டோசிஸ்ட்' என்ற நிலைக்கு வருவது பாதி, அல்லது அதற்கும் கீழே. ஆக 3.

* இந்த 3-ல் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருப்பவை எத்தனை? இதற்கான பதில் பெண்ணின் வயதைப் பொறுத்து பெரிதாக மாறும்.

* குரோமோசோம் சரியாக இருந்தாலும் எல்லா கருவும் கருப்பையில் ஒட்டாது.

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வது இந்த சிகிச்சையின் இயல்பு. இயற்கையாகக் கருத்தரிக்கும்போதும் உடலுக்குள் இதே உதிர்வு நடக்கிறது. அங்கே யாரும் எண்ணிக் கொண்டிருப்பதில்லை, அதனால் தெரிவதில்லை. லேப்பில் ஒவ்வொரு நாளும் எண்ணிச் சொல்கிறார்கள், அதனால் மனம் வலிக்கிறது.

பிரச்சினை எங்கே என்றால், இந்தக் கணக்கை முன்கூட்டியே யாரும் சொல்லாமல் விடும்போதுதான். முதல் நாளே "12 வந்தா 3 மிஞ்சலாம்" என்று சொல்லியிருந்தால், ஐந்தாம் நாள் போன் அதிர்ச்சியாக இருக்காது.

சரி, 'தரம்' என்றால் என்ன?

முட்டையின் தரம் என்றால் பெரும்பாலும் அதன் குரோமோசோம்கள் சரியான எண்ணிக்கையில் பிரியுமா என்பதுதான். ஒரு கருவில் 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டும். 23 அம்மாவிடம் இருந்து, 23 அப்பாவிடம் இருந்து. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, அந்தக் கரு பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டினாலும் ஆரம்ப வாரங்களிலேயே கலைந்துவிட வாய்ப்பு அதிகம்.

முட்டைகள் பிறக்கும்போதே உருவாகிவிடுவதால், 40 வயது பெண்ணின் முட்டைக்கும் வயது 40 தான். வயது கூடக் கூட, குரோமோசோம்கள் பிரியும்போது பிழை நேர்வதும் கூடுகிறது.

2014-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 15,169 கருக்களின் செல்கள் பரிசோதிக்கப்பட்டன. 30 வயதுப் பெண்களின் கருக்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் குரோமோசோம் கோளாறு இருந்தது. 35 வயதில் மூன்றில் ஒன்று. 40 வயதில் பத்தில் ஆறுக்கு அருகில். 44 வயதில் பத்தில் ஒன்பதுக்கு அருகில்.

இந்த எண்களை வைத்து, கற்பனையாக இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் பெண்ணுக்கு வயது 41. எடுத்தது 12 முட்டை. முதிர்ந்தவை 10, கருவுற்றவை 7, பிளாஸ்டோசிஸ்ட் 3. இந்த வயதில் பத்தில் மூன்று கருதான் சரியாக இருக்கும் என்றால், கையில் நிற்பது சுமார் 1.

இரண்டாவது பெண்ணுக்கு வயது 29. எடுத்தது 5 முட்டை. முதிர்ந்தவை 4, கருவுற்றவை 3, பிளாஸ்டோசிஸ்ட் 1 அல்லது 2. பத்தில் ஏழு சரியாக இருக்கும் என்றால், இவர் கையிலும் சுமார் 1.

12 முட்டைக்காரரும் 5 முட்டைக்காரரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வார்டில் பக்கத்து படுக்கைப் பெண்ணின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு அழுவதில் அர்த்தம் இல்லை என்று சொல்வது இதனால்தான். எண்ணிக்கை என்பது எத்தனை லாட்டரி சீட்டு கையில் இருக்கிறது என்பது மாதிரி. ஒவ்வொரு சீட்டுக்கும் பரிசு விழும் வாய்ப்பு என்ன என்பதை வயது தீர்மானிக்கிறது.

பிரிட்டனில் கருத்தரிப்பு சிகிச்சைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் 2022-ஆம் ஆண்டு கணக்கும் இதையே காட்டுகிறது. கருப்பையில் வைத்த ஒரு கருவுக்கு குழந்தை பிறந்த விகிதம், 18 முதல் 34 வயதுப் பெண்களிடம் சுமார் 35 சதவீதம். 43, 44 வயதில் சுமார் 5 சதவீதம்.

ஏஎம்ஹெச் குறைவு என்றால் குழந்தையே பிறக்காதா?

"உனக்கு முட்டையே இல்லையாமே" என்று மாமியார் வீட்டில் பேச்சு எழுவது பெரும்பாலும் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான். ஏஎம்ஹெச் என்பது சினைப்பையில் உள்ள சின்னச் சின்ன முட்டைப் பைகள் சுரக்கும் ஹார்மோன். அது குறைவாக இருந்தால் இருப்பு குறைவு, ஊசி போட்டாலும் அதிக முட்டை வராது என்று கணிக்கலாம். அவ்வளவுதான். முட்டை நல்லதா கெட்டதா என்பதை அது சொல்லாது.

2017-ல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, குழந்தையின்மை பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்கள் 750 பேரைப் பின்தொடர்ந்தது. ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும், சாதாரண அளவில் இருந்தவர்களும் இயற்கையாகக் கருத்தரித்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எளிது. இயற்கையாகக் கருத்தரிக்க மாதம் ஒரு முட்டை போதும்.

அதற்காக ஏஎம்ஹெச் குறைவை அலட்சியம் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. இருப்பு குறைவாக இருக்கிறது, வயதும் 35-ஐ தாண்டுகிறது என்றால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் பேச வேண்டும் என்பதற்கான மணி அது.

இன்னொன்று. கருவில் பாதி அப்பாவிடம் இருந்து வருகிறது. விந்தணுவின் எண்ணிக்கை, நகரும் வேகம், மரபணுச் சேதம் எல்லாம் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும். புகை, குடி இரண்டும் இருவருக்குமே கெடுதல். கரு வளரவில்லை என்றால் பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றுவது அறிவியல்படியே தப்பு.

நிறைய முட்டை எடுத்தால் நல்லதுதானே?

ஒரு எல்லை வரை நல்லதுதான். எண்ணிக்கை முக்கியமே இல்லை என்று சொல்வதும் பொய். ஒன்று இரண்டு முட்டைதான் வந்தது என்றால், ஒவ்வொரு படியிலும் உதிர்ந்து கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் போகும் ஆபத்து அதிகம்.

2011-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு சுமார் 4 லட்சம் ஐவிஎஃப் சிகிச்சைகளை அலசியது. எடுத்த கையோடு கரு வைக்கும் முறையில், முட்டை எண்ணிக்கை 15 வரை கூடும்போது குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடியது. 15 முதல் 20 வரை ஏறக்குறைய அப்படியே நின்றது. 20-ஐ தாண்டியபோது குறையத் தொடங்கியது. மிச்சக் கருக்களை உறைய வைத்து பிறகு பயன்படுத்துவதையும் சேர்த்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில், அதிக முட்டை கிடைத்தவர்களுக்கு மொத்த வாய்ப்பு மேலும் கூடியது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கும் நிலைக்கு 'ஓஹெச்எஸ்எஸ்' என்று பெயர். வயிறு உப்பும், வயிற்றில் நீர் கோர்க்கும், எடை மளமளவென ஏறும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும். தீவிரமான நிலை நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். இளம் வயதினர், பிசிஓஎஸ் உள்ளவர்கள், ஏஎம்ஹெச் மிக அதிகமாக உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ட்ரிக்கர் ஊசியை மாற்றுவது, கருவை உடனே வைக்காமல் எல்லாவற்றையும் உறைய வைப்பது போன்ற வழிகளில் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்க முடிகிறது.

மலைக் கிராமத்துக்குத் திரும்பிய பிறகு ராத்திரி 11 மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால் என்ன செய்வது? மதுரைவாசிக்கு அது அரை மணி நேர ஆட்டோ பயணம். கிளாவரைக்காரருக்கு அது ஒரு முழு ராத்திரி. முட்டை நிறைய வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால், அடுத்த சில நாட்கள் கீழேயே தங்க முடியுமா என்று யோசிப்பது நல்லது.

ஒரே ஒரு முட்டையில் பிறந்த உலகின் முதல் குழந்தை

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை. அவரது தாய்க்கு முட்டையைத் தூண்டும் ஊசி எதுவும் போடப்படவில்லை. அந்த மாதம் இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு முட்டையை எடுத்துத்தான் மருத்துவர்கள் சாதித்தார்கள்.

அடுத்த சில மாதங்களிலேயே, அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் வேறு பாதையில் போனார். ஹார்மோன் ஊசி மூலம் பல முட்டைகளை வளர வைத்தார். கருவை உறைய வைத்து, பிறகு கருப்பையில் வைத்தார். இன்று உலகம் முழுக்க வழக்கத்தில் இருப்பது இந்த வழிதான். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதை அரசு நியமித்த குழு நம்பவில்லை. 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986-ல் மும்பையில் ஐவிஎஃப் குழந்தை பிறக்கக் காரணமான விஞ்ஞானி டி.சி.ஆனந்த் குமாரே, 1997-ல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல் பெருமை அவருக்குத்தான் என்று அறிவித்தார். தமிழகத்தில் 1990-ல் டாக்டர் கமலா செல்வராஜ் சென்னையில் இதைச் சாதித்தார்.

ஒரு முட்டையும் போதும், பல முட்டை இருந்தால் வாய்ப்பு கூடும். இரண்டும் உண்மை என்பதை 1978-லேயே இரண்டு குழந்தைகள் காட்டிவிட்டன.

'4ஏஏ', '3பிபி' என்றால் என்ன மார்க்?

லேப் அறிக்கையில் கருவுக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருப்பார்கள். முதலில் வரும் எண் 1 முதல் 6 வரை. கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. அடுத்த எழுத்து குழந்தையாக வளரப் போகும் செல்களுக்கான மதிப்பீடு. கடைசி எழுத்து நஞ்சுக்கொடியாக மாறப் போகும் வெளிப்புறச் செல்களுக்கானது. ஏ என்றால் நன்று, பி சுமார், சி அதற்குக் கீழே.

இது மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் போடும் மார்க். வெளித்தோற்றம் மட்டும்தான். 4ஏஏ கருவிலும் குரோமோசோம் கோளாறு இருக்கலாம். 3பிபி கருவில் இருந்து ஆரோக்கியமான குழந்தை பிறக்கலாம், பிறந்துகொண்டும் இருக்கிறது. பிறக்கப் போகும் குழந்தையின் அறிவுக்கோ நிறத்துக்கோ இந்த மார்க்குக்கும் எந்த சம்பந்தமும் இல்லை.

"அப்போ கருவையே டெஸ்ட் பண்ணிடலாமே?" குரோமோசோம் பரிசோதனை இருக்கிறது. கூடுதல் செலவும் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அது பலன் தருமா என்பதில் சந்தேகம் உண்டு. 2021-ல் வெளியான சீன ஆய்வில், தரமான கருக்கள் மூன்றாவது கிடைத்த 20 முதல் 37 வயதுப் பெண்கள் 1,212 பேர் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். பரிசோதனை செய்த குழுவில் 77.2 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. செய்யாத குழுவில் 81.8 சதவீதம். பரிசோதனை கெட்ட கருவைக் கண்டுபிடிக்க உதவும். கெட்டதை நல்லதாக மாற்றாது.

இந்தியாவில் இதற்கு சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. பரம்பரை அல்லது மரபணு நோய்களைக் கண்டறியத்தான் கருவைச் சோதிக்கலாம். ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்வு செய்வது குற்றம்.

எண்ணிக்கை விலையாக மாறினால்: ஈரோடு சம்பவம்

முட்டையின் எண்ணிக்கையும் வயதும் பணமாக மாறும்போது என்ன நடக்கும் என்பதை தமிழகம் 2022 ஜூன் மாதம் பார்த்தது. ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் இருந்து பல ஆண்டுகளாக, 8 முறை கருமுட்டை எடுத்து விற்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. சிறுமியின் தாய், தாயுடன் வசித்த ஆண், பெண் தரகர் ஒருவர் கைது செய்யப்பட்டனர். வயதைக் கூட்டிக் காட்ட போலி ஆதார் பயன்படுத்தப்பட்டதாகவும், ஒவ்வொரு முறையும் சுமார் 20 ஆயிரம் ரூபாய் கைமாறியதாகவும் விசாரணையில் கூறப்பட்டது. தமிழகத்தில் மட்டுமின்றி கேரளா, ஆந்திராவில் உள்ள மருத்துவமனைகளும் விசாரணை வளையத்துக்குள் வந்தன. ஜூலையில் அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் நடவடிக்கைகளை அறிவித்தார்.

தானமாகப் பெறும் முட்டைக்கு ஏன் இவ்வளவு தேவை? மேலே பார்த்த வயதுக் கணக்குதான் காரணம். சொந்த முட்டையின் தரம் குறைந்தவர்களுக்கு இளம் பெண்ணின் முட்டை கைகொடுக்கிறது. அந்த மருத்துவ உண்மையைத்தான் தரகர்கள் சந்தையாக்கினார்கள்.

இதைத் தடுக்கத்தான் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021 வந்தது. 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருக்கிறது. அதன் முக்கிய அம்சங்கள்:

* கருமுட்டை தானம் செய்பவரின் வயது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும்.

* வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தானம் செய்யலாம். 7 முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது.

* ஒருவரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக்கூடாது.

* தானம் செய்பவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும்.

* சிகிச்சை பெறும் பெண்ணின் வயது 21 முதல் 50, ஆணின் வயது 21 முதல் 55.

* கருவை 10 ஆண்டு வரை உறைய வைத்துப் பாதுகாக்கலாம்.

* முட்டை, கரு விற்பனைக்கு முதல் முறை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். மீண்டும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை, கூடவே 10 முதல் 20 லட்சம் ரூபாய் அபராதம்.

இந்த 7 என்ற வரம்பு தானம் செய்பவருக்கு மட்டும்தான். சொந்த சிகிச்சைக்காக முட்டை எடுப்பவருக்குப் பொருந்தாது. தானத்திலும் இதை நடைமுறைப்படுத்துவது கஷ்டம் என்ற விமர்சனம் உண்டு. ஊசி போட்டால் எத்தனை முட்டை வளரும் என்பதை எந்த டாக்டராலும் சரியாக 7-ல் நிறுத்த முடியாது. ஆனால் தானம் செய்பவரின் உடலை முட்டை எடுக்கும் இயந்திரமாக மாற்றக்கூடாது என்ற நோக்கம் அந்த எண்ணில் தெளிவாகத் தெரிகிறது.

மலையில் இருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியவை

ஊசி மருந்து: கருமுட்டை வளர்க்கும் ஊசிகளில் பலவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். "கொடைக்கானலே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே" என்று அலமாரியில் வைத்துவிடக்கூடாது. உறைந்து போனாலும் மருந்து கெடும். கீழே வத்தலக்குண்டு வெயிலில் பஸ்ஸில் எடுத்து வரும்போது ஐஸ் நேரடியாகப் படாத பெட்டி தேவை. எந்த மருந்தை எப்படி வைப்பது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேன்: இடையில் எடுக்கும் ஃபாலிக்கிள் ஸ்கேனை வீட்டுக்குப் பக்கத்தில் எடுத்து, அறிக்கையை அனுப்பினால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடியும் என்றால் இரண்டு மூன்று பயணம் மிச்சம்.

ட்ரிக்கர் ஊசி: முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரம் முன்பு, சொன்ன நிமிடத்தில் போட வேண்டும். நேரம் பெரிதாகத் தவறினால் முட்டை முதிராமல் போகலாம், அல்லது எடுக்கும் முன்பே வெளியேறிவிடலாம். பனி, மண்சரிவு, சுற்றுலா சீசன் டிராஃபிக் என மலைப்பாதையை நம்ப முடியாது. இந்த இரண்டு நாளும் கீழே தங்கிவிடுவது பாதுகாப்பு.

முட்டை எடுத்த நாள்: மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள், சினைப்பையும் வீங்கியிருக்கும். அன்றைக்கே வளைவுப் பாதையில் பயணம் வேண்டாம்.

கரு வைத்த பிறகு: "பஸ் குலுங்குனா கரு கீழ விழுந்துடுமா?" என்பது பலருக்கும் இருக்கும் பயம். விழாது. கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும். கரு வைத்த பிறகு படுத்தே கிடப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை என்பதால், படுக்கை ஓய்வு தேவையில்லை என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. கரு ஒட்டாமல் போனால், "அன்னைக்கு பஸ்ல போனதாலதான்" என்று தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பயணச் சுமையையும் செலவையும் குறைக்கும் வழி, அரசு மருத்துவமனைகளில் இந்த சிகிச்சை பரவலாவதுதான். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் தமிழக அரசு செயற்கை கருத்தரிப்பு மையத்தைத் தொடங்கியிருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் மையம் அறிவிக்கப்பட்டது. மேல்மலை, கீழ்மலை மக்களுக்கு எழும்பூர் என்பது ஒரு ராத்திரி ரயில் பயணம். மதுரையில் முழு அளவில் சிகிச்சை கிடைத்தால்தான் அவர்களுக்கு உண்மையான பலன்.

டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

சிகிச்சையின் வாய்ப்பு, பக்க விளைவு, செலவு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சட்டப்படி மருத்துவமனையின் கடமை. ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதனால் கேட்கத் தயங்க வேண்டாம்.

1. இந்த மையம் ஏஆர்டி சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா? லெவல் 1-ஆ, லெவல் 2-ஆ? லெவல் 1 என்றால் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ வரைதான் செய்ய முடியும். ஐவிஎஃப்-க்கு லெவல் 2 தேவை.

2. என் வயதில், இந்த மையத்தில், எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது? 'பாசிட்டிவ்' ஆன எண்ணிக்கை வேறு, வீட்டுக்குக் குழந்தையோடு போன எண்ணிக்கை வேறு.

3. எடுத்த முட்டை, முதிர்ந்தது, கருவுற்றது, ஐந்தாம் நாள் மிஞ்சியது, உறைய வைத்தது எத்தனை? ஐந்து எண்களும் எழுத்தில் வேண்டும்.

4. எத்தனை கரு வைக்கப் போகிறீர்கள், ஏன்? இரண்டு மூன்று வைத்தால் இரட்டைக் குழந்தை, குறைப்பிரசவ ஆபத்து கூடும்.

5. கூடுதலாகச் சொல்லும் ஒவ்வொரு பரிசோதனையும் எனக்கு எதற்கு? அது இல்லாமல் செய்தால் என்ன ஆகும்?

6. இந்த முறை கூடவில்லை என்றால் அடுத்து என்ன? எப்போது நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும்?

கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் பலரும் பயப்படுகிறார்கள். நகையை அடகு வைத்து, தோட்டத்தை ஒத்திக்கு விட்டு வருகிறவர்களுக்கு, அந்தப் பதில் முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் "எத்தனை முட்டை?" என்று கேட்கும் குடும்பம், கூடவே இன்னும் ஒன்றைக் கேட்கலாம்: "எங்க பொண்ணு எப்படி இருக்கா?" அந்த எண்ணிக்கை ஐந்து நாளில் எப்படியும் மாறப்போகிறது. ஊசிகளையும் மலைப்பாதையையும் தாங்கி வந்திருப்பது அவள்தான்.